ஜவ்வு விலகவில்லை

உங்கள் வீட்டு பீரோ மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர் இருக்கிறதா பாருங்கள். சூட்கேஸுக்கும் கொலு பொம்மை டப்பாவுக்கும் நடுவில், ஸ்கேன் சென்டர் பெயர் போட்டு, உள்ளே கறுப்புக் கறுப்பாக ஃபிலிம் வைத்து. உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் எதிர் ஃப்ளாட்டில் இருக்கும். எனக்குத் தெரிந்து சென்னையில் ரேஷன் கார்டுக்கு அடுத்தபடியாகப் பத்திரப்படுத்தப்படும் ஆவணம் இந்த இடுப்பு எம்.ஆர்.ஐ.தான்.

கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். 'எனக்கு எல்4-எல்5 சார்' என்பார், ஏதோ கோத்திரம் சொல்வதுபோல. 'எனக்கு எல்5-எஸ்1' என்பார் பக்கத்து நாற்காலிக்காரர். 'ஜவ்வு விலகிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. குனியக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது, டூவீலர் ஓட்டக் கூடாது.' எத்தனை வருஷமாக இப்படி என்றால், பதினாலு வருஷமாம். பதினாலு வருஷம் வனவாசம் போன ராமர்கூட வில்லைத் தூக்கிக்கொண்டுதான் போனார். இவர் பேரப்பிள்ளையைத் தூக்குவதில்லை.

எனக்கு அந்த 'விலகிடுச்சு'தான் உறுத்துகிறது. இங்கிலீஷிலும் இதே கதை. அவர்கள் 'ஸ்லிப் டிஸ்க்' என்று சொன்னார்கள், நாம் நம் பங்குக்கு விலக வைத்தோம். கேட்டவுடன் மனசில் என்ன படம் வருகிறது? அடுக்கி வைத்த கேரம் காய்களில் நடுக்காய் ஒன்று வெளியே நழுவி நிற்கிற படம். கொஞ்சம் அசைந்தால் மொத்த அடுக்கும் சரிந்துவிடும் என்கிற பயம். அந்தப் படம் தப்பு. டிஸ்க் நழுவுவதில்லை. நழுவ முடியாதபடி மேலே ஒரு எலும்பு, கீழே ஒரு எலும்பு, இரண்டோடும் நார் நாராகப் பின்னி ஒட்டிக்கொண்டு பிறந்தது அது.

உள்ளே என்னதான் இருக்கிறது? கழுத்திலிருந்து இடுப்பு வரை இப்படி 23 டிஸ்க்குகள். ஒவ்வொன்றும் வெளியே டயர், உள்ளே ஜெல்லி. டயர் என்பதை நிஜமாகவே டயர் என்று எடுத்துக்கொள்ளலாம். பதினைந்து இருபது அடுக்குகள். ஒரு அடுக்கில் நார்கள் வலப்பக்கம் சாய்ந்து ஓடினால் அடுத்த அடுக்கில் இடப்பக்கம் சாய்ந்து ஓடும். எம்.ஆர்.எஃப்.காரர்கள் வருவதற்குப் பல லட்சம் வருஷம் முன்பே போட்ட டிசைன். நடுவில் உள்ள ஜெல்லி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிற சரக்கு. பகலெல்லாம் நம் எடையைத் தாங்கித் தாங்கிக் கொஞ்சம் தண்ணீரை வெளியே விடும், ராத்திரி படுத்ததும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் நாம் எல்லோரும் காலையில் சாயங்காலத்தைவிட ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் உயரம். நம்பிக்கையில்லாவிட்டால் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். விண்வெளிக்குப் போகிறவர்கள் எடையே இல்லாமல் மிதப்பதால் ஐந்து சென்டிமீட்டர் வரைக்கும்கூட வளர்ந்துவிடுகிறார்கள். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் திரும்பி வந்தவர்களுக்கு டிஸ்க் பிதுங்குவது மற்றவர்களைவிட சுமார் நாலு மடங்கு என்று 2010இல் வெளியான நாசா கணக்கு சொல்கிறது. தண்ணீர் ஊறிப் புடைத்த டிஸ்க், மேலே எடை வந்தால் பொறுமை இழக்கிறது.

வயசு ஆக ஆக டயரின் பின்பக்க நார்களில் சிறு விரிசல்கள் விழுகின்றன. ஒருநாள் ஜெல்லி அந்த விரிசல் வழியே பின்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. டயர் கிழியாமல் புடைத்தால் பல்ஜ். ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றால் புரோட்ரூஷன். கிழித்துக்கொண்டு வெளியே வந்தால் எக்ஸ்ட்ரூஷன். வந்தது துண்டாகவே பிரிந்துவிட்டால் அதற்கு ஒரு பெயர், சீக்வெஸ்ட்ரேஷன். ரிப்போர்ட்டில் இந்த வார்த்தைகளைப் பார்த்தால் மயக்கம் போட வேண்டாம், எது எந்த அளவு என்று தெரிந்தால் போதும். இடுப்பில் வருகிற பிதுக்கங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான், அதாவது அந்த எல்4-எல்5, எல்5-எஸ்1 கோத்திரங்களில்.

பிதுங்கினது இடுப்பில், வலி ஏன் காலில்? பின்னால் நேரே நரம்பு போகிறது. பிதுங்கின ஜெல்லி அதை அழுத்துவது பாதிக் காரணம். அந்த ஜெல்லி பிறந்ததிலிருந்து ரத்தத்தையே பார்க்காத பொருள். அது திடீரென்று வெளியே வந்தால் உடம்பு அதை அந்நியன் என்று நினைத்து எதிர்ப்பைக் கிளப்புகிறது. நரம்பு அந்தக் களேபரத்தில் வெந்துபோகிறது. அதுதான் புட்டத்தில் கிளம்பி, தொடையின் பின்னால் ஓடி, கெண்டைக்கால் தாண்டி, கட்டைவிரல் வரைக்கும் கரண்ட் அடிக்கிற மாதிரி இறங்குகிற சயாட்டிகா. இதற்கெல்லாம் டிஸ்க்தான் மூலம் என்று மருத்துவ உலகம் பரவலாக ஒப்புக்கொண்டது ரொம்பத் தாமதமாக. 1934இல் பாஸ்டன் டாக்டர்கள் மிக்ஸ்டரும் பாரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான். அதற்கு முன்பு ஆபரேஷனில் இந்தப் பிதுக்கத்தைக் கண்டவர்கள் ஏதோ கட்டி என்று வெட்டி எடுத்துப் போட்டார்கள்.

என் கதைக்கு வருகிறேன். 2011இல் ஒரு காலை, வாசலில் கிடந்த பேப்பரை எடுக்கக் குனிந்தபோது ஒரு தும்மல். அவ்வளவுதான். பாறையைப் புரட்டவில்லை, பளு தூக்கவில்லை. ஒரு தும்மல். மாலைக்குள் இடது காலைத் தரையில் வைக்க முடியவில்லை. மனைவி தைலம் தடவினாள். மாமியார், தெருவில் காலால் பிறந்தவர் யாராவது இருக்கிறார்களா, இடுப்பில் மூன்று மிதி மிதிக்கச் சொல்லலாம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, எங்கள் தெருவில் எல்லோரும் தலையால்தான் பிறந்திருந்தார்கள்.

போய்ப் பார்த்த டாக்டர் பழைய காலத்து மனிதர். மல்லாக்கப் படுக்க வைத்து என் காலை முட்டி மடக்காமல் மெதுவாகத் தூக்கினார். நாற்பது டிகிரியில் நான் கத்தினேன். 'சரி' என்று திருப்தியாகத் தலையாட்டினார். இந்தச் சோதனையை 1880இல் எழுதி வைத்தவர் லாசா லாசரேவிச் என்ற செர்பிய டாக்டர். அவர் ஊரில் அவரைச் சிறுகதை எழுத்தாளராகத்தான் கொண்டாடுகிறார்கள். ஆனால் சோதனை உலகம் முழுக்க லாசேக் என்ற பிரெஞ்சு டாக்டர் பெயரில் வழங்குகிறது. எழுத்தாளனுக்குச் சேர வேண்டியது சேராமல் போவது எல்லா மொழியிலும் உள்ளதுதான் போலும்.

பிறகு என்னைக் குதிகாலால் நாலடி நடக்கச் சொன்னார். அப்புறம் நுனிக்காலால் நாலடி. கட்டைவிரலைத் தன் விரலால் அழுத்தி, 'தூக்குங்க பாக்கலாம்' என்றார். மூத்திரம் ஒழுங்காகப் போகிறதா, உட்காருகிற இடத்தில் மரத்துப்போன மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் சரி. 'ஸ்கேன் வேண்டாம்' என்று ஒரே வார்த்தை.

'டாக்டர், உள்ள என்ன இருக்குன்னு பாக்க வேண்டாமா?'

'பாத்து என்ன பண்ணப் போறீங்க? ஆறு வாரம் கழிச்சும் குறையலேன்னா அப்பப் பாப்போம்.'

படுத்துக் கிடக்கலாமா என்றேன். வலி தாங்காவிட்டால் ஒரு நாள், ரெண்டு நாள், அதுக்கு மேலே படுக்காதீர்கள் என்றார். வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. முதுகு வலி என்றால் பலகையில் மூன்று வாரம் படுக்க வைப்பது நம் பரம்பரை வைத்தியம். ஆனால் அவர் சொன்னதற்கு ஆதாரம் இருந்தது. 1999இல் நெதர்லாந்தில் சயாட்டிகா வந்த 183 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பாதி இரண்டு வாரம் படுக்கை, இன்னொரு பாதி முடிந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பன்னிரண்டு வாரம் கழித்து இரண்டு பக்கமும் நூற்றுக்கு 87 பேர் தேறியிருந்தார்கள். படுத்தவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஒன்றுமில்லை.

எனக்கு முதல் பத்து நாள் நரகம். மூன்றாம் வாரம் வலி காலிலிருந்து ஏறித் தொடைக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு. இடுப்பில் முன்பைவிட அதிகமாக வலிக்கிறதே என்று பயந்தால், ஃபிசியோதெரபி அம்மா சிரித்தார். 'வலி மேல ஏறினா நல்லது சார், கீழ இறங்கினாத்தான் கவலை.' ஏழாவது வாரம் மாம்பலம் மார்க்கெட்டுக்கு நடந்துபோய் வந்தேன். என் இடுப்பின் உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் வீட்டு பீரோ மேல் கவர் கிடையாது.

எல்லோருக்கும் இது போலப் போய்விடுவதில்லை என்பதற்கு என் அக்கா பையன். 2019 புரட்டாசியில் அவனுக்கு வலது காலில் வலி ஆரம்பித்தது. வயசு 31, சாஃப்ட்வேர், சோழிங்கநல்லூர். தை மாசம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வலி வந்த ஐந்தாம் நாளே ஸ்கேன் எடுத்துவிட்டான். ரிப்போர்ட்டில் இரண்டு பக்கம். மூன்று டிஸ்க்கில் நீர் வற்றல், இரண்டில் பல்ஜ், ஒன்றில் எக்ஸ்ட்ரூஷன், நரம்புறையை அழுத்துகிறது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அடுத்த வாரமே ஆபரேஷன், இல்லாவிட்டால் கால் விளங்காமல் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ராத்திரி பத்தரை மணிக்கு போன். 'மாமா, ஜவ்வு விலகிடுச்சாம். அம்மா அழுதுண்டே இருக்கா.' அக்கா போனைப் பிடுங்கினாள். அவளுக்கு ஆபரேஷனைவிடப் பெரிய கவலை வேறு: 'பொண்ணாத்துல தெரிஞ்சா என்னடா சொல்லுவா? முதுகெலும்புல ஆபரேஷன்னா கல்யாணத்தையே நிறுத்திடுவாளே!'

அவனுக்குக் குதிகால் நடை, நுனிக்கால் நடை, மூத்திரம் எல்லாம் சரியாக இருந்தது. வேறொரு டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டுக் காலைத்தான் முதலில் பார்த்தாராம். பிறகு சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் பீரோ மேல் கவர் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரிய வேண்டும்.

1994இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எங்காவது ஒரு டிஸ்க்கில் பல்ஜ் இருந்தது. கால்வாசிப் பேருக்கு மேல் புரோட்ரூஷன். எல்லா டிஸ்க்கும் சுத்தம் என்று வந்தது 36 சதவிகிதம் பேருக்குத்தான். 2015இல் இப்படி வலியில்லாத மூவாயிரத்துச் சொச்சம் பேரின் ஸ்கேன்களை ஒன்றுசேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். இருபது வயசுக்காரர்களிலேயே நூற்றுக்கு 37 பேருக்குத் தேய்மானம், எண்பதில் 96 பேருக்கு. அதாவது டிஸ்க் தேய்வது என்பது தலை நரைப்பது மாதிரி. நரையை யாரும் ஃபிலிமில் பிடித்து பீரோ மேல் வைப்பதில்லை. ஸ்கேனில் தெரிகிற பல்ஜும் உங்கள் வலியும் சொந்தக்காரர்களா, ஒரே பஸ்ஸில் ஏறிய அந்நியர்களா என்பது காலைத் தொட்டுப் பார்க்கிற டாக்டருக்குத்தான் தெரியும்.

எக்ஸ்ட்ரூஷன் கொஞ்சம் சீரியஸான விருந்தாளி, அது வலியில்லாதவர்களிடம் அபூர்வம். அக்கா பையனின் கால்வலிக்கு அதுதான் காரணம், சந்தேகமில்லை. ஆனால் இதில் ஒரு வேடிக்கை. அதிகமாகக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததுதான் அதிகமாகக் கரைந்து மறைகிறது. பழைய ஸ்கேன்களையும் புது ஸ்கேன்களையும் ஒப்பிட்ட ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2015இல் ஒரு கணக்கு வந்தது. துண்டாகப் பிரிந்தவற்றில் நூற்றுக்கு 96 தானாகச் சுருங்கியிருந்தன, எக்ஸ்ட்ரூஷனில் 70, புரோட்ரூஷனில் 41, வெறும் பல்ஜில் 13. உடம்பு அந்நியன் என்று நினைத்து எதிர்க்கிறது என்றேனே, அந்த எதிர்ப்புதான் வெளியே வந்ததைத் தின்றும் தீர்க்கிறது. ஆரம்பத்தில் நரம்பை வாட்டிய அதே களேபரம், பின்னால் குப்பை அள்ளுகிறது.

ஆபரேஷனுக்கு நான் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். 2007இல் வெளியான நெதர்லாந்து ஆராய்ச்சி ஒன்று எனக்கு நியாயமாகப் படுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கடும் கால்வலியில் இருந்த 283 பேர். பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மீதிப் பேர் பொறுத்துப் பார்த்து, முடியாவிட்டால் ஆபரேஷன். பொறுத்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் வருஷத்துக்குள் முடியாமல் போய்ச் செய்துகொண்டார்கள். வருஷக் கடைசியில் இரண்டு கோஷ்டியிலும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தார்கள். முதலிலேயே செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் போனது, அதுதான் வித்தியாசம். ஆகவே கால் பலவீனம் இல்லாதவருக்கு ஆபரேஷன் என்பது வேகத்துக்குக் கொடுக்கும் காசு. மூன்று மாதம் வலியைப் பொறுக்க முடியாத வேலை, குடும்பம் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். 'கால் விளங்காமல் போகும்' என்று மிரட்டி வாங்கக் கூடாது.

அக்கா பையன் பொறுத்தான். ஐப்பசி மழையில் தெரு விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் நின்று நின்று நடந்தான். கார்த்திகையில் ஒருநாள் அந்தப் பெண்ணிடம் அவனே சொல்லிவிட்டான். அவள், 'எங்கப்பாவுக்கு எல்5-எஸ்1, எங்கம்மாவுக்கு எல்4-எல்5. நீங்க வேற யாராவது ஆளா?' என்றாளாம். தையில் கல்யாணம் நடந்தது. ஒரே ஒரு சலுகை: மணையில் சப்பணம் போட்டு இரண்டு மணி நேரம் முடியாது என்பதால் சாஸ்திரிகளிடம் சொல்லி மணையின் கீழ் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினோம். வீடியோவில் மாப்பிள்ளை மட்டும் அரையடி உசரமாகத் தெரிவான்.

பொறுக்கவே கூடாத சங்கதி ஒன்று உண்டு. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்து, அதிலிருந்து நரம்புகள் குதிரைவால் மாதிரி கொத்தாகத் தொங்குகின்றன. லத்தீனிலும் அதற்குக் குதிரைவால் என்றே பெயர். பெரிய பிதுக்கம் ஒன்று அந்தக் கொத்தையே நசுக்கினால் மூத்திரம் வராமல் அடைக்கும், அல்லது தெரியாமலே கசியும். மலம் கட்டுப்படாது. சைக்கிள் சீட் படுகிற இடம் முழுக்க மரத்துப்போகும், கழுவும்போது கை படுவது தெரியாது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே, ராத்திரி என்றால் அந்த ராத்திரியே, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மணிக்கணக்கு முக்கியம். வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் மறைப்பவர்கள், முக்கியமாகப் பெண்கள், நிறைய. அதேபோல் பாதம் தொங்கி, செருப்பு கழன்று கழன்று விழுந்தால் நாளை நாளன்று என்று தள்ளாதீர்கள். முதுகுவலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது என்றாலும் அப்படியே. மற்றபடி டிஸ்க்குக்கு நேரம் கொடுக்கலாம்.

சரி, வராமல் தடுக்க முடியாதா? எல்லோரும் இதைத்தான் கேட்கிறீர்கள். முதலில், நம் கையில் இல்லாதது. ஃபின்லாந்தில் ஒரே முட்டையில் பிறந்த இரட்டையர்களைத் தேடிப் பிடித்து, ஒருவர் உடலுழைப்பு, மற்றவர் நாற்காலி வேலை என்றிருந்த ஜோடிகளின் டிஸ்க்குகளை ஒப்பிட்டார்கள். செய்த வேலையைவிட, பெற்றோரிடமிருந்து வந்தது பெரிய பங்கு. உங்கள் அப்பா வேட்டி கட்டும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார் என்றால் உங்களுக்கும் ஒரு சீட்டு ரிசர்வ் ஆகியிருக்க வாய்ப்புண்டு. அதே இரட்டையர்களில் ஒருவர் மட்டும் சிகரெட் பிடிக்கிற இருபது ஜோடிகளைப் பார்த்தபோது, பிடித்தவரின் டிஸ்க் 18 சதவிகிதம் அதிகமாகத் தேய்ந்திருந்தது. டிஸ்க்குக்கென்று ரத்தக்குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து ஊறி வருவதுதான் சாப்பாடு. புகை அந்த ஊற்றையும் அடைக்கிறது.

வண்டி ஓட்டுவது? 1975இல் அமெரிக்காவில், வேலை நேரத்தில் பாதிக்கு மேல் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மூன்று மடங்கு ஆபத்து என்றார்கள். 2002இல் அதே ஃபின்லாந்து இரட்டையரில் டிரைவர்களைப் பார்த்தால் தேய்மானத்தில் வித்தியாசமே இல்லை. வழக்கு நிலுவையில் இருக்கிறது. நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்களில் ஆராய்ச்சி செய்தால் தீர்ப்பு மாறலாம் என்பது என் சொந்தக் கருத்து.

தூக்குவதைப் பற்றிச் சொல்ல ஒரு வீரரின் கதை இருக்கிறது. 1990களின் கடைசியில் ஜெர்மனியில் ஒரு எலும்பு டாக்டர் தன் எல்4-எல்5 டிஸ்க்கினுள்ளே ஊசிபோல ஒரு கருவியைச் செருகிக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தார், நடந்தார், தூங்கினார், பளு தூக்கினார். 1999இல் அந்த அளவுகள் வெளியாயின. 20 கிலோவை முட்டி மடக்காமல் முதுகை வளைத்துத் தூக்கியபோது டிஸ்க்கின் அழுத்தம் சும்மா நிற்பதைப்போல நாலரை மடங்கு. முட்டி மடக்கித் தூக்கியபோது மூன்றரை மடங்குக்குப் பக்கம். உடம்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றபோது இரண்டு மடங்கு சொச்சம். 20 கிலோ என்பது என்ன தெரியுமா? உங்கள் வீட்டு பபிள்டாப் தண்ணீர் கேன். அதைக் கையை நீட்டி, உடம்பைத் திருப்பிக்கொண்டே ஸ்டாண்டில் கவிழ்க்கிறீர்களே, அந்த நிமிஷத்தைக் கவனியுங்கள். கேனைத் தொடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, முதுகைத் திருப்பாமல் காலைத் திருப்பினால் போதும். முடிந்தால் பாதியைக் குடத்தில் ஊற்றிவிட்டுத் தூக்குங்கள். நம் பெண்கள் குடத்தை இடுப்பில் அணைத்து வைத்துக்கொள்வதை வெறும் அழகு என்று கவிஞர்கள் எழுதினார்கள். அதில் கொஞ்சம் இன்ஜினீயரிங்கும் இருக்கிறது.

இன்னொரு ஆச்சரியம், இறுக்கமில்லாமல் சாதாரணமாக உட்கார்ந்தபோது அந்த டாக்டரின் டிஸ்க் நிற்பதைவிட அதிகமாகக் கஷ்டப்படவில்லை. உட்காருவதே விஷம் என்று ஆயிரக்கணக்கில் விலை வைத்து நாற்காலி விற்கிறவர்களுக்கு இது பிடிக்காது. உட்காருங்கள், ஆனால் ஒரே போஸில் சிலை மாதிரி வேண்டாம். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போங்கள். காலையில் எழுந்த முதல் அரை மணி, ஒரு மணி நேரம் டிஸ்க் தண்ணீர் ஊறிப் புடைத்திருக்கும். அப்போது பக்கெட் தூக்குவதும், பாதம் தொடுகிற ஆசனமும் வேண்டாம். காபி குடித்துவிட்டுச் செய்யலாம்.

சரியாகத் தூக்குவது எப்படி என்று வகுப்பு எடுத்தால் மட்டும் முதுகுவலி குறைவதில்லை, இதையும் பல முறை சோதித்துவிட்டார்கள். பெல்ட்டும் தடுக்காது. 2016இல் வந்த ஒரு தொகுப்பு, முதுகுவலி வராமல் குறைப்பதில் உடற்பயிற்சிக்குத்தான் ஆதாரம் என்று சொன்னது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறதாம். 2024இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இன்னும் எளிதாக ஒன்று வந்தது. முதுகுவலி வந்து சரியான 701 பேர். ஒரு பாதி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வாரம் ஐந்து நாள் அரை மணி நடை. மற்ற பாதி அவர்கள் பாட்டுக்கு. நடக்காதவர்களுக்கு வலி திரும்ப சராசரியாக 112 நாள் பிடித்தது, நடந்தவர்களுக்கு 208 நாள். இவையெல்லாம் பொதுவான முதுகுவலிக் கணக்கு, டிஸ்க்குக்கு மட்டும் எடுத்ததில்லை. இருந்தாலும் காசு செலவில்லாத மருந்து. நடேசன் பார்க்கில் நடக்கிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் பேசுகிற நேரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் ஒருநாள் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், எங்களுக்கு கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடம். நாற்பத்தைந்து வயசு. ஐந்து வாரமாகக் காலை இழுத்து இழுத்து நடக்கிறார். முழு சிலிண்டர், இரும்பும் கேஸும் சேர்ந்து முப்பது கிலோ. தோளில் வைத்து, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'நல்லாத்தான் சொல்றீங்க சார். படுக்க வேணாம்னீங்க பாருங்க, அது ஒண்ணு எனக்குத் தோதா இருக்கு. நானே படுக்க முடியாது. தூக்காதேன்னா சோத்துக்கு?' என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. எழுதுகிற எல்லா உபதேசமும் நாற்காலி உள்ளவர்களுக்கான உபதேசம். குதிகாலில் நடக்கச் சொல்லிப் பார்த்தேன், நடந்தார். ஸ்டான்லியில் காட்டச் சொன்னேன், காட்டினார். மாத்திரையும் நாலு பயிற்சியும் கொடுத்து, கொஞ்ச நாள் பளுவைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார்கள். ஏஜென்சியில் பேசிப் பார்த்து, இரண்டு மாதத்துக்குத் தரைத்தள வீடுகளும் லிஃப்ட் உள்ள ஃப்ளாட்டுகளும் அதிகமுள்ள தெருவை வாங்கிக்கொண்டார். எங்கள் தெருவுக்கு வேறு பையன் வந்தான்.

போன மாசம் அவரே திரும்ப வந்தார். கால்வலி முக்கால்வாசி போய்விட்டதாம். பீடியைப் பற்றிக் கேட்டேன். 'அந்த இரட்டைப் பிள்ளைங்க கதையை வீட்ல சொல்லித் தொலைச்சுட்டேன் சார். பொண்ணு பீடிக்கட்டை ஒளிச்சு வெச்சுடுது' என்றார். பிறகு சிலிண்டரைத் தோளில் ஏற்றாமல், கீழ்வீட்டுப் பையனைக் கூப்பிட்டு ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னார். மூன்று மாடிக்கும் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று நின்று, இரண்டு பேருமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பத்து நிமிஷம் கூட ஆயிற்று.